ஸ்டாட்டின் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது?

மாரடைப்பு வந்து பிழைத்தவர் சில மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும் என்பதில் இதயநோய் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், ரத்த அழுத்தத்துக்கு ஒன்றிரண்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்க ஒரு ஸ்டாட்டின். ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஏறத்தாழ இதே பட்டியல்தான். இப்படிப் பிழைத்தவர்களில் எத்தனை பேர் இந்த மாத்திரைகளை உண்மையிலேயே சாப்பிடுகிறார்கள்? 2003 முதல் 2009 வரை 17 நாடுகளில், 628 ஊர்களிலும் நகர்ப்புறக் குடியிருப்புகளிலும், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து இதை விசாரித்தார்கள். கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சலீம் யூசுஃப் வழிநடத்திய ‘ப்யூர்’ ஆய்வு அது. சென்னையும் அதன் மையங்களில் ஒன்று.

2011-இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளிவந்தன. கனடா, ஸ்வீடன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய பணக்கார நாடுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் 66.5 சதவீதத்தினர் ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைய கணக்கில் ஏழை நாடுகளாக வகைப்படுத்தப்பட்ட இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், ஜிம்பாப்வே ஆகியவற்றில் 3.3 சதவீதத்தினர். இன்னொரு கணக்கு இதைவிடக் கொடுமையானது. தேவையான மருந்துகளில் ஒன்றுகூடச் சாப்பிடாதவர்கள் பணக்கார நாடுகளில் 11.2 சதவீதம், ஏழை நாடுகளில் 80.2 சதவீதம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், உயிரோடு திரும்பி வந்த ஐந்து பேரில் நான்கு பேர் அடுத்த மாரடைப்பைத் தடுக்க ஒரு மாத்திரைகூட இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நோயாளியின் வயது, ஆணா பெண்ணா, எவ்வளவு படித்தவர் என்பதையெல்லாம்விட அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதுதான் மருந்து கிடைப்பதைப் பெரிதும் தீர்மானித்தது என்று அந்த ஆய்வு கண்டது. இந்த முடிவைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நாம் வழக்கமாக நோயாளியைக் குறை சொல்கிறோம்: அலட்சியம், படிப்பறிவு இல்லை, சொன்னால் கேட்பதில்லை. எண்கள் விரலை வேறு பக்கம் நீட்டுகின்றன.

மருந்து பிறந்த இடத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வடக்கு ஜப்பானின் அகிதாவில் விவசாயக் குடும்பத்தில் 1933-இல் பிறந்தவர் அகிரா எண்டோ. அறுபதுகளின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்தபோது, அந்த நகரத்து மக்களை மாரடைப்பு எப்படிக் கொண்டுபோகிறது என்பதைக் கண்ணால் கண்டார். நாடு திரும்பியதும் டோக்கியோவின் சங்க்யோ நிறுவனத்தில் 1971 முதல் ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்தார். மற்ற நுண்ணுயிர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள, அவை உயிர்வாழத் தேவையான கொலஸ்ட்ரால் வகைப் பொருள்களின் உற்பத்தியை முடக்கும் ஏதோ ஒன்றைப் பூஞ்சை சுரக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில், 1973-இல் அது அகப்பட்டது. நாய்களிடம் செய்த சோதனையில் எழுந்த அச்சத்தால் சங்க்யோ 1980-இல் அதைக் கைவிட்டது. வேறொரு பூஞ்சையிலிருந்து மெர்க் நிறுவனம் எடுத்த லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பணக்கார நாடுகளிலேயே மாரடைப்பு மிகக் குறைவாக உள்ள நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து, மாரடைப்பு அங்கேவிட மிகுதியாக இருந்த ஒரு நாட்டில் முதலில் கடைக்கு வந்தது. அந்த இடம் வரை மருந்து நோயைத் தேடித்தான் போயிருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிது. உடலிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. உடலே, குறிப்பாகக் கல்லீரல், அதைத் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பில் ஒரு முக்கிய நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை இழுத்து எடுக்கத் தொடங்குகிறது. இப்படி இழுத்தெடுக்கும் ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தில் எல்டிஎல் லிட்டருக்கு 1 மில்லிமோல், நம் ஆய்வகச் சீட்டுக் கணக்கில் ஏறத்தாழ 39 புள்ளி குறைந்தால், மாரடைப்பும் பக்கவாதமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன.

மருந்து பரவியதில் முதல் பெரிய திருப்பம் 1994-இல் வந்தது. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டின் சோதிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சொச்சத்தில், மருந்து சாப்பிட்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது. இதய மரணம் மட்டுமல்லாமல் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணமும் குறைந்ததுதான் விஷயம். மறு ஆண்டே மேற்கு ஸ்காட்லாந்தின் 6,595 ஆண்களிடம் நடந்த சோதனை வந்தது. அவர்கள் கொலஸ்ட்ரால் கூடியவர்கள், ஆனால் மாரடைப்பு வராதவர்கள். அவர்களுக்கும் பயன் தெரிந்தது. அதிலிருந்து கேள்வி மாறிவிட்டது. நோயாளிக்கு மருந்து கொடுப்பது பற்றிய பேச்சு, இன்னும் நோய் வராதவருக்கு எந்த இடத்தில் தொடங்குவது என்ற பேச்சாயிற்று.

அந்த இடத்தை எங்கே வைப்பது என்பதில் நாடுகள் பிரிந்தன. இங்கிலாந்தில் 2006-இல் வந்த வழிகாட்டுதல், அடுத்த பத்தாண்டில் இதயநோய்க்கான வாய்ப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு ஸ்டாட்டின் என்றது. 2014-இல் அந்தக் கோடு 10 சதவீதத்துக்கு இறங்கியது. புதிதாக 45 லட்சம் பேர்வரை மருந்துக்குரியவர்களாக ஆகக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்கா 2013-லேயே 7.5 சதவீதத்தில் கோடு போட்டது. அங்கே தகுதி பெற்றவர்கள் 1.28 கோடி கூடுவார்கள் என்றது ஒரு கணிப்பு. யாருடைய உடலிலும் ஒரே இரவில் எதுவும் மாறிவிடவில்லை.

கோடு மட்டும் போதாது. அந்தக் கோட்டைத் தாண்டுகிறவரைக் கண்டுபிடிக்கவும் மருந்தை அவர் கையில் கொடுக்கவும் ஆள் வேண்டும். பிரிட்டனின் பலம் அங்கேதான். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் பதிவில் இருக்கிறார். நோயாளிகளின் கொலஸ்ட்ராலை இலக்குக்குள் வைப்பதற்கு 2004 முதல் அந்த மருத்துவருக்கு ஊதியத்தோடு சேர்த்துத் தொகை கிடைத்தது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரை உள்ளவர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அழைக்கும் திட்டம் 2009-இல் வந்தது. 60 வயதானால் மருந்துக்குக் கட்டணம் இல்லை. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் எந்த வயதிலும் இல்லை.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் 52 வயதுத் தமிழர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பரிசோதனைக்கு அழைத்து அவருக்குக் கடிதம் வருகிறது. நர்ஸ் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். கணினி அவருடைய புகைப்பழக்கம், அப்பாவுக்கு எத்தனை வயதில் மாரடைப்பு வந்தது, எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறார் என்பதைக் கேட்கிறது, இனத்தையும் கேட்கிறது. 2008 முதல் பிரிட்டனில் புழங்கும் கணிப்பு முறை, தெற்காசியர் என்றால் ஆபத்தைக் கூட்டிக் காட்டும். காரணம் இல்லாமலில்லை. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆக, ஈஸ்ட் ஹாமில் இருப்பவரின் சீட்டில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் ஏறிவிட வாய்ப்பு அதிகம். தஞ்சாவூரில் இருக்கும் அவருடைய தம்பிக்கும் அதே அப்பா, அதே ரத்தம். அவருக்கு எந்தக் கடிதமும் வராது. நெஞ்சு வலித்தால்தான் அவர் யார் கண்ணிலாவது படுவார்.

அமெரிக்காவில் அழைப்பு வேறு வழியில் வந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாத மருந்தைத் தொலைக்காட்சியில் பொதுமக்களுக்கே விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான். லிப்பிட்டர் என்ற பெயரில் விற்ற அட்டோர்வாஸ்டாட்டினுக்காகச் செயற்கை இதயத்தோடு பெயர் சேர்ந்த ராபர்ட் ஜார்விக் திரையில் தோன்றினார். சர்ச்சையாகி 2008-இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. 40 வயதைக் கடந்த அமெரிக்கர்களில் கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிடுகிறவர்கள் 2003–04-இல் 20 சதவீதம். 2011–12-இல் 28 சதவீதம். பிரிட்டன் போட்ட பாதைக்கும் அமெரிக்கா போட்ட பாதைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டிலும் யாரோ ஒருவர் மாத்திரையை மக்களிடம் கொண்டுபோனார் என்பது மட்டும் பொது.

நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பெரும்பாலானவை ஆட்களை எண்ணுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு மருந்துக்கும் ‘ஒரு நாள் அளவு’ என்று ஒன்றை வைத்திருக்கிறது. விற்ற மருந்தை அந்த அளவால் வகுத்து, ஆயிரம் பேருக்கு இவ்வளவு என்று சொல்கிறார்கள். அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அந்த அளவு 20 மில்லிகிராம். ஜப்பானில் 10 மில்லிகிராமே வழக்கமான அளவு. ரோசுவாஸ்டாட்டினை அங்கே 2.5 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். அப்படியானால் ஒரு ஜப்பானியர் நாள் தவறாமல் மாத்திரை போட்டாலும் அட்டவணையில் அரை ஆளாகத்தான் தெரிவார்; தினம் 80 மில்லிகிராம் சாப்பிடும் அமெரிக்கர் நான்கு ஆளாகத் தெரிவார். ஜப்பானியர் ஏமாந்துபோய்க் குறைவாகச் சாப்பிடவும் இல்லை. ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் ஏறத்தாழ இருமடங்கு தங்குகிறது. அதனால் ஆசிய வம்சாவளியினருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. ஜப்பானிலேயே சிறிய அளவு பிரவாஸ்டாட்டினை வைத்து நடந்த ‘மெகா’ ஆய்வு, இதயநோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2006-இல் காட்டியது.

பணக்கார நாடுகளில் மருந்து இவ்வளவு பரவிய பிறகு எதிர்ப்பும் வந்தது. 2013-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்த இரண்டு கட்டுரைகள், ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பக்கவிளைவு வருகிறது என்ற பொருளில் எழுதின. அந்த எண் தவறு என்று 2014-இல் இதழே திருத்தம் வெளியிட்டது. அதற்குள் செய்தித்தாள்கள் மாதக்கணக்கில் அதைப் பேசி முடித்திருந்தன. அந்த நேரத்தில் பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் மருந்தை நிறுத்தியிருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வு கணித்தது. ஆஸ்திரேலியப் பொதுத் தொலைக்காட்சி 2013-இல் ஸ்டாட்டினைக் கேள்விக்குள்ளாக்கி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. மறு ஆண்டு அதைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. இடைப்பட்ட மாதங்களில் மருந்து வாங்கியவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 60,000 குறைந்தது. டென்மார்க்கில் ஆறே முக்கால் லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மருந்தைத் தொடங்கிய சில மாதங்களிலேயே விட்டவர்கள் 1995-இல் 2 சதவீதம், 2010-இல் 18 சதவீதம். எதிர்மறைச் செய்திகள் வந்த காலங்களில் விடுவது கூடியது. விட்டவர்களுக்கு மாரடைப்பு 26 சதவீதம் அதிகமாக வந்தது.

பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் தசைகளை அழித்து உயிர்களைப் பறித்ததால் 2001-இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. இன்று புழங்கும் ஸ்டாட்டின்களும் நீரிழிவைச் சற்றே கூட்டுகின்றன. சிலருக்குத் தசைவலி நிஜமாகவே வருகிறது. ஆனால் எவ்வளவு? லண்டனில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. பக்கவிளைவு தாங்காமல் மருந்தை விட்ட 60 பேரிடம், ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெறும் மாத்திரை, ஒரு மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றி, எது எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் அவர்கள் பட்ட உபாதையில் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதத்திலும் இருந்தது. வலி பொய்யில்லை. மாத்திரையைக் கையில் எடுக்கும்போதே இருந்த அச்சம் அதை வரவழைத்தது.

மாரடைப்பு வராத ஒருவர், பத்தாண்டு ஆபத்து 10 சதவீதம் என்று கேட்டபின் ‘எனக்கு வேண்டாம்’ என்று முடிவெடுத்தால், நான் அதை மதிக்கிறேன். அவரைப்போல் நூறு பேர் பத்தாண்டு சாப்பிட்டால் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே நோய் தடுக்கப்படும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த வாதம் பெரும்பாலும் இவர்களைப் பற்றியதுதான். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவருக்கு அந்த வாதம் பொருந்தாது. வருத்தம் என்னவென்றால், சந்தேகம் மாத்திரையைவிட வேகமாக எல்லை தாண்டியது. ஆரோக்கியமான வெள்ளையருக்குத் தேவையா என்று அங்கே எழுந்த கேள்வி, வாட்ஸ்அப் வழியாக இங்கே மாரடைப்பு வந்தவரின் கைபேசிக்கு வந்து சேர்கிறது. ‘கொலஸ்ட்ரால்தான் நார்மல்னு வந்துடுச்சே, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?’ என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அது போதும். நார்மல் என்று வந்ததே மாத்திரையால்தான் என்பதை அவருக்குச் சொல்ல, மூன்று நிமிடப் பரிசோதனையில் மருத்துவருக்கு நேரம் இருப்பதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். மருந்து செய்யும் திறன் இல்லாத நாடல்ல இது. 2011 நவம்பரில் லிப்பிட்டரின் காப்புரிமை அமெரிக்காவில் முடிந்ததும், அந்நாட்டுக்குள் மலிவான அட்டோர்வாஸ்டாட்டினைக் கொண்டுசென்றவர்களில் முன்வரிசையில் நின்றது இந்தியாவின் ரான்பாக்ஸி. நம் மருந்துக்கடைகளில் சரக்கும் இருக்கிறது. ‘ப்யூர்’ குழு 2016-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இதய நோயாளிக்குத் தேவையான நான்கு வகை மருந்துகளும் இந்தியாவின் நகரப் பகுதிகளில் 89 சதவீத இடங்களிலும் கிராமப் பகுதிகளில் 81 சதவீத இடங்களிலும் கிடைத்தன. இந்தியா நீங்கலான ஏழை நாடுகளின் கிராமங்களில் இது 3 சதவீதம். கிடைப்பதில் நாம் எங்கோ முன்னால் இருக்கிறோம். வாங்கும் சக்தியைக் கணக்கிட்டபோது, இந்தியக் குடும்பங்களில் 59 சதவீதத்துக்கு அந்த நான்கு மருந்துகளும் கட்டுப்படியாகாது என்று வந்தது. மற்ற ஏழை நாடுகளில் 60 சதவீதம். பணக்கார நாடுகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கே மாத்திரை மலிவு என்பதல்ல காரணம், கூலியும் வருமானமும் வேறு. இங்கே அட்டை கண்ணெதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மாதம் முழுவதற்கும் வாங்குவதா, பத்து நாளுக்கு வாங்குவதா என்பதில்தான் சிக்கல்.

நாட்டுக்குள்ளேயே இருக்கும் இடைவெளியை ‘கிரியேட்’ பதிவேடு காட்டியது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்து, இந்தியா முழுவதும் 89 மருத்துவமனைகளில் மாரடைப்போடும் அதை ஒத்த நிலையிலும் வந்த 20,000 சொச்சம் நோயாளிகளின் விவரங்களைச் சேகரித்தது. 2008-இல் முடிவு வெளிவந்தது. கொலஸ்ட்ரால் மருந்து வசதியானவர்களில் 61 சதவீதத்தினருக்கும் ஏழைகளில் 36 சதவீதத்தினருக்கும் கிடைத்தது. 30 நாளில் இறந்தவர்கள் முன்னவர்களில் 5.5 சதவீதம், பின்னவர்களில் 8.2. சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தபோது மரணத்தில் இருந்த வேறுபாடும் மறைந்தது. ஏழையின் இதயம் பலவீனமானதால் அவர் சாகவில்லை. சிகிச்சை கிடைக்காததால் செத்தார்.

நிலைமை முற்றிலும் அப்படியே நிற்கவில்லை. குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 41 நாடுகளின் தரவுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் 21.9 சதவீதத்தினர் ஸ்டாட்டின் சாப்பிட்டார்கள். நோய் வராத, ஆனால் தகுதியுள்ளவர்களில் 8 சதவீதத்தினர். நாடுகளின் தொகுப்பு வேறு என்பதால் பழைய எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. ஐந்தில் நான்கு பேர் என்ற அளவு மட்டும் இங்கேயும் கண்ணில் உறுத்துகிறது.

பணம் வந்த பிறகுதான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. இலங்கை பணக்கார நாடல்ல. அரசு மருத்துவமனை கிளினிக்கில் கொப்பியைக் காட்டி அட்டோர்வாஸ்டாட்டினை இலவசமாக வாங்கிப் போவது அங்கே சாதாரணக் காட்சி. 2022 நெருக்கடியில் டாலர் இல்லாமல் மருந்துகள் தட்டுப்பட்டபோது, கிளினிக்கை நம்பியிருந்தவர்கள்தான் முதலில் அடி வாங்கினார்கள். அரசு வாங்கிக் கொடுக்கும் முறைக்கு அது ஒரு பலவீனம். அந்த முறையே இல்லாத இடத்தில் தட்டுப்பாடு செய்தியாகக்கூட ஆவதில்லை.

தமிழ்நாட்டில் கருவிகள் பலவும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. மொத்தமாக மருந்து கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் இயங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் கையிலிருந்து எட்டு ஸ்டாட்டின் ஒரே வாயில் போவது பெரிய விஷயம். அந்த நோயாளி வீடு திரும்பிய இரண்டாம் மாதத்தில் ஒரு மாத்திரையாவது சாப்பிடுகிறாரா என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

அதற்கும் ஒரு வழி போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பி.பி., சுகர் உள்ளவர்களுக்கு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. நீரிழிவு உள்ளவருக்கு 40 வயதைத் தாண்டினாலே ஸ்டாட்டின் தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 40 முதல் 75 வயதுவரை அப்படியே சொல்கிறது. கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்படியானால் தமிழ்நாட்டில் ஸ்டாட்டின் தேவைப்படும் லட்சக்கணக்கானோரின் பெயரும் தெருவும் அந்தப் பதிவேட்டில் இப்போதே இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேருக்கு ஸ்டாட்டின் போய்ச் சேர்கிறது என்பதை மாவட்டவாரியாக, மாதாமாதம், பி.பி. சுகர் எண்ணிக்கையோடு ஒரே அட்டவணையில் அரசு வெளியிட வேண்டும். தன்னார்வலர்கள் எப்படியும் மாதந்தோறும் அந்த வீடுகளுக்குப் போகிறார்கள். கேட்டு எழுத இன்னொரு கட்டம் போட்டால் போதும்.